வன்னியின் சிறுகுளக் கட்டுகளும் வெள்ளத் தணிப்பும்

2018 டிசெம்பர் மூன்றாம் வாரத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்பதே பெருவிவாதமாயிற்று. கேள்வி நியாயமானது, ஆனால் போதாது. இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் ஊற்றெடுத்து வடக்கே வருகிறது. அதன் நீரேந்து பரப்பில் கிடக்கும் சிறுகுளங்கள் அந்த மழையை எவ்வளவு நேரம் தாமதப்படுத்தின என்று கேட்டோர் குறைவு.

80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் தருவது சிறுகுளம் என்பது நிர்வாக வரையறை; அதன் பொறுப்பு கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் உள்ளது. ஆக, குளத்தின் தகுதியை வயற்பரப்பே தீர்மானிக்கிறது. வயல் கைவிடப்பட்டால் குளக்கட்டும் பொருளற்றதாகத் தோன்றும். மழைநீரோ அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் தொடர்ந்தும் வரும். சிறுகுளக் கட்டை வெள்ளத் தடுப்பு அமைப்பாகவும் கணக்கிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மார்கழியில் குளங்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும், பிறகு அவை எதைத் தாங்கும் என்பது வலுவான மறுப்பு. நிறைந்த குளமும் வெள்ளத்தைத் தணிக்கும் என்பதே அதற்கு விடை. மிகைநீர் வெளியேறும் வழியான வான் பாய வேண்டுமானால் நீர்மட்டம் வான்மட்டத்துக்கு மேல் உயர வேண்டும். உயரும் நீர் குளத்தின் உட்கரையோர நிலமான அலைகரையில் பரவித் தங்கும். ஓர் எடுத்துக்காட்டு: 20 ஹெக்டேயர் நீர்ப்பரப்புள்ள குளம் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தால் 60,000 கனமீற்றர் நீர் தற்காலிகமாக நிற்கும். ஒரு சதுர கிலோமீற்றரில் பெய்யும் 100 மில்லிமீற்றர் மழை முழுதும் ஓடிவந்தாலும் 1,00,000 கனமீற்றர்தான்.

அலைகரையை மண்ணிட்டு நிரப்பி நீர்ப்பரப்பைப் பாதியாக்கிவிட்டால் அதே நீரை நிறுத்த மட்டம் 60 சென்ரிமீற்றர் உயர வேண்டும். வானின் பாய்ச்சல் நீருயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், அப்போது அது ஏறத்தாழ 2.8 மடங்காகும். வான் ஒடுங்கியிருந்தால் நீர் கட்டின் மேலாக வழியும்; மண்கட்டு வெளிச்சரிவிலிருந்து அரிக்கப்பட்டு உடையும். மேற்குளம் உடைந்த நீர் கீழ்க்குளத்தின் மீது ஒரேயடியாக வந்து விழும். தொடராக அமைந்த குளங்களில் ஓர் உடைப்பு அத்துடன் நிற்பதில்லை.

வவுனியா நகரில் இந்த ஆபத்து கண்முன்னே உள்ளது. நகர் வளர வளர அலைகரைகள் குடியிருப்பாகின்றன. கூரையும் தாரும் மழைநீரை முன்பைவிட விரைவாகக் குளத்துக்குள் தள்ளுகின்றன. இந்நிலையில் கட்டை மட்டும் உயர்த்தி, வானை அகலப்படுத்தாமல் விடும் புனரமைப்பு, என் மதிப்பீட்டில், செய்யாமல் விடுவதைவிடத் தீங்கானது.

இலங்கையின் தொடர்குள முறையை 2017இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றது. அந்த மதிப்பு வன்னியில் நடைமுறையாக வேண்டும். ஒவ்வொரு சிறுகுளத்தின் வான் நீளமும் உச்ச வெள்ளமட்ட எல்லையும் அளந்து பதியப்பட வேண்டும். அந்த எல்லையில் கல் நட வேண்டும். திருத்தவேலை தனிக்குளமாக அன்றித் தொடர் முழுவதற்குமாகத் திட்டமிடப்பட வேண்டும். கமக்காரர் அமைப்புகளும் கமநல, நீர்ப்பாசனத் திணைக்களங்களும் அடுத்த காலபோக மழைக்கு முன் ஒரே மேசையில் அமர்ந்து இதைத் தொடங்க வேண்டும்.