யாழ் நரம்பும் கிற்றார் தந்தியும்

கிற்றாரின் ஆறு தந்திகளையும் வழக்கமான சுருதியில் வையாது, சிலவற்றைத் தளர்த்திக் கட்டி வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் 19 ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. முதலாம், ஐந்தாம், ஆறாம் தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் தாழ்த்தினால், விரல் வையாமலே தந்திகள் யாவும் இணக்கமாய் ஒலிக்கும். இது மேனாட்டார் கண்ட புதுமை என எண்ணுவோர் நம்மிடையே உளர். கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூ’லைப் புரட்டியவர் அவ்வாறு எண்ணார்.

வீணையிலும் கிற்றாரிலும் மெட்டுக்கள் உள. ஒரே தந்தியிற் பல சுரங்களைப் பெறலாம். யாழுக்கு மெட்டில்லை, நரம்புக்கு ஒரு சுரமே. எனவே கிற்றார் வாசிப்போனுக்கு விருப்பமாயிருப்பது பாணனுக்கு இன்றியமையாததாயிற்று. பண் மாறவேண்டின் நரம்பைத் திருத்திக் கட்டவேண்டும். அன்றேல் வேறொரு நரம்பைக் குரலாகக் கொள்ளவேண்டும். ஏழு நரம்பும் முறையே குரலாக நிற்க, செம்பாலை, படுமலைப்பாலை முதலாய ஏழு பாலைகள் பிறக்கும். (கிற்றாரின் ஆறு தந்தி இதற்குப் போதாதென்பது வேறு விடயம்.)

ஆராய்ச்சியைத் தொடங்கிய அடிகளுக்கு முறுக்கிப் பார்க்க ஒரு பழந்தமிழ் யாழ்தானும் எஞ்சியிருக்கவில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் உரைகளும், இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியான அவருடைய கணித அறிவுமே துணை. நூல் 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யூலையில் அவர் மறைந்தார். அதனை இலக்கிய ஆராய்ச்சியாக மட்டும் வாசிப்பது அதற்கு இழைக்கும் அநீதி என்பேன். நரம்பு எங்கே நிற்கவேண்டும் என்பதே அதன் வினா.

அவ்வினாவுக்கு விடை ஒன்றன்று. குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஒரு ஸ்தாயியில் 22 அலகு என்பது பழைய மரபு. அடிகள் அதன்வழி நின்றார். 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதரோ 24 சம சுருதிகள் என வாதிட்டார். கிற்றாரின் மெட்டுக்கள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம கூறாக்குபவை. அவை பண்டிதர் கணக்கோடு பொருந்தும். 5:4 விகிதத்தில் நிற்கும் காந்தாரமோ மெட்டிலிருந்து செவிக்குப் புலப்படுமளவு விலகி நிற்கிறது. மெட்டைத் தொடாது ஒலிக்கும் தந்திக்கு இத்தடையில்லை. அதை யாழ் நரம்பைப் போலவே செவி வேண்டிய இடத்திற் கட்டலாம். பண்டிதரையும் அடிகளையும் ஒருங்கே சோதிக்கலாம்.