குடித்தவரின் ரத்தம் நோயாளிக்கு ஏறினால் என்ன ஆகும்?

லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஒரு நிலையம் தள்ளி டோபி காட். அங்கும், ஊட்ரம் சாலையில் சுகாதார அறிவியல் ஆணையக் கட்டடத்திலும் ரத்த வங்கிகள் உள்ளன. ரத்ததானம் செய்ய நினைப்போரிடம் அடிக்கடி எழும் கேள்வி: நேற்றிரவு குடித்த மதுவும் காலையில் விழுங்கிய மாத்திரையும் ரத்தத்தோடு நோயாளிக்குப் போய்ச் சேருமா?

சேரும். எவ்வளவு சேரும் என்பதுதான் முக்கியம்.

மது

சிங்கப்பூரில் வாகனமோட்டிகளுக்கான வரம்பு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் மது. அந்த அளவில் உள்ளவர் 450 மில்லிலிட்டர் ரத்தம் கொடுத்தால், பையில் இருக்கும் மது 360 மில்லிகிராம். ஒரு சிறிய டின் பியரில் 10 கிராமுக்கு மேல் இருக்கும். பெரியவர் உடலில் உள்ள சுமார் 40 லிட்டர் நீரில் அந்தச் சிறு அளவு கரைந்துவிடும்; அவருக்குப் போதை ஏறாது. சிவப்பணுக்களைப் பிரித்து ஏற்றும்போது அளவு இன்னும் குறையும். பச்சிளங் குழந்தைக்கு ஏற்றும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை.

அப்படியானால் குடித்துவிட்டு வருபவரை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? மது உடலின் நீரைக் குறைப்பதால் ரத்தம் கொடுத்ததும் மயங்கி விழக்கூடும். அதைவிட முக்கியம், போதையில் இருப்பவர் படிவத்தில் உள்ள கேள்விகளைப் புரிந்துகொண்டு உண்மையாகப் பதில் சொல்வார் என்று நம்ப முடியாது. இந்தியாவின் விதிமுறைகளும் குடித்துவிட்டு வருவோரை ஏற்பதில்லை.

மாத்திரைகள்

ஆஸ்பிரின், ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் திறனை அவற்றின் ஆயுள் முழுவதும் முடக்கிவிடும். அத்தகைய தட்டணுக்கள் ரத்தக்கசிவு உள்ள நோயாளிக்குப் பயன்படாது. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் கருவில் உள்ள சிசுவைப் பாதிக்கும். ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் என்பதால், மருந்தை நிறுத்தி ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு, அதை உட்கொண்டவரின் ரத்தத்தாலும் ஒவ்வாமை ஏற்படலாம். அதனால் எந்த மருந்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

போதைப்பொருள்

இங்கே ஆபத்து பொருளைவிட ஊசியில்தான் அதிகம். பகிர்ந்துகொண்ட ஊசி வழியே எச்ஐவி, ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகள் தொற்றும். ஒவ்வொரு பையும் பரிசோதிக்கப்படுகிறது. ஆனாலும் கிருமி தொற்றிய தொடக்க நாள்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது கொடையாளரின் உண்மையான பதில்தான். மருத்துவர் பரிந்துரைக்காத போதைப்பொருளை ஒருமுறை ஊசியால் செலுத்திக்கொண்டவரும் ரத்தம் கொடுக்கக் கூடாது. படிவத்தில் பொய் சொல்வது தொற்றுநோய்கள் சட்டத்தின்கீழ் குற்றம்: $20,000 வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சாத்தூர் தரும் பாடம்

2018 டிசம்பரில் தமிழ்நாட்டின் சாத்தூரில், அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றியது தெரியவந்தது. அந்த ரத்தம் சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தன் நிலையை அறிந்த கொடையாளரே ரத்த வங்கிக்கு ஓடித் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. தவறு பரிசோதனையிலும் பதிவேட்டிலும் இருந்தது. கொடுத்த பிறகு சந்தேகம் வந்தாலும் உடனே ரத்த வங்கிக்குச் சொல்ல வேண்டும் என்பதே இதில் உள்ள பாடம்.

செல்லுமுன்

வயது குறைந்தது 16, எடை 45 கிலோ இருக்க வேண்டும். முழு ரத்தம் கொடுத்தால் அடுத்த முறைக்கு 12 வாரம் காத்திருக்க வேண்டும். முதல் நாள் குடிக்காமல், நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுச் செல்வது நல்லது. உட்கொள்ளும் மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துச் சென்றால் பெயர் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை. இன்று முடியாது என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்படவும் தேவையில்லை. பலருக்கு அது தற்காலிகத் தடை மட்டுமே.