காறையெலும்பு

கழுத்துக் குழியின் இருபுறமும் விரல் வைத்துப் பார்த்தால், தோள்வரை ஓடும் எலும்பு ஒன்று தட்டுப்படும். தமிழில் அதனைக் காறையெலும்பு என்கிறோம். கையை உடலின் நடுப்பகுதியோடு எலும்புவழிப் பிணைப்பது இது ஒன்றே. கருவில் எலும்பாகத் தொடங்குவதில் முந்தி நிற்கும் இதன் உள்முனை, 25 வயதை ஒட்டியே முற்றும் இணைகிறது. கையூன்றி வீழ்ந்தால் எளிதில் முறிவதும் இதுவே.

காறை என்பது கழுத்தை வளைத்து அணியும் ஓர் அணி. பெரியாழ்வார் திருமொழியில், மகளின் நிலையை எடுத்துரைக்கும் தாயின் கூற்றில் இவ்வணி இடம்பெறுகிறது. அணி படியும் இடத்து எலும்பு அணியின் பெயரையே பெற்றது. இலத்தீன் மொழியார் இதனைச் சிறு திறவுகோல் என்றனர். ஆயுர்வேத நூலார் அட்சகம் என்றனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் காறையெலும்பு உண்டு. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது: இடையின ரகரமிட்டுக் காரை என்றெழுதினால், அது சுவருக்குப் பூசும் சுண்ணாம்புச் சாந்தாகிவிடும்!

உடற்கூற்றைத் தமிழில் கற்பிக்க இயலுமோ என்னும் ஐயத்திற்கு யாழ்ப்பாணம் அன்றே விடை தந்தது. 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மாணவரோடு சேர்ந்து மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் 1873-இல் தாயகம் திரும்பினார்.

இனி, நம் மேற்கெல்லையை நோக்குவோம். சித்தூர் கொச்சி அரசிலும், பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று இவை யாவும் கேரளத்தில் அடங்கின. மலைத் தாலுகாக்கள் இரண்டும் 1972-இல் அமைந்த இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தன. தேயிலைத் தோட்டங்களிலும் வயல்களிலும் உழைக்கும் தமிழ்மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், ஆட்சிமொழிதான் மாறியது.

அங்கே மலையாளத்தில் இவ்வெலும்பின் பெயர் தோளெல்லு. தோள் நமக்கும் தோளே. எல்லு நம் எலும்பின் உறவுச்சொல்லே. ஆயினும் சரிவில் வழுக்கி வீழ்ந்த ஒரு பெண், தன் வலியைத் தன் மொழியில் சொல்லி, தனக்கு நேர்ந்தது இன்னதென்று தன் மொழியிலேயே கேட்டறிய வேண்டும் அன்றோ? சுட்டிய விரல் இடத்தைக் காட்டும். எப்போது, எவ்வாறு என்பதைச் சொல்லே காட்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. விண்ணப்பத்திற்கு உள்ள அவ்வுரிமை நோயாளியின் வாய்ச்சொல்லுக்கும் கிட்டுதல் முறை.

எல்லையில் பணியாற்றும் மருத்துவர் இரு சொல்லையும் அறிந்திருத்தல் அரிதன்று. காறையெலும்பு என்று அவள் சொன்னால் தோளெல்லு என்று அவர் உணரவேண்டும். அவ்வளவே நாம் வேண்டுவது.