மழைக்கால நோன்பும் அன்றாட வாழ்வும்



இரத்தினபுரி மாவட்டத்து மழையின் மிகுதியை அங்கு வாழ்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. இறப்பர்த் தோட்டத் தொழிலாளர்க்கு இம்மழை பெரும் இடையூறு. மரப்பட்டை நனைந்திருப்பின், பால் வெட்டிய வழியே இறங்காது மரமெங்கும் பரந்து வழிந்துவிடும். சிரட்டையில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து வீணாகும். அன்று கத்திக்கு ஓய்வு. வீட்டிலோ வருவாய்க் குறைவு. இதே பருவத்தில், தோட்டத்தை அடுத்த கிராமத்து விகாரையிலே பிக்குகள் 'வஸ்' என்னும் மழைக்கால நோன்பில் அமர்ந்திருப்பர். ஒருவர்க்கு இழப்பாகும் மழை மற்றவர்க்குத் தவக்காலமாயிற்று. அத்தவத்தின் பயனில் உழைப்பாளிக்கும் பங்குண்டோ என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

வஸ் நோன்பு தோன்றிய காரணம் உழவரோடு தொடர்புடையது. மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர் ஊராய்த் திரிந்து, இளம்பயிரையும் சிற்றுயிர்களையும் மிதித்து அழிக்கின்றனர் என மக்கள் குறை கூறினர். அதனைக் கேட்ட புத்தர், மூன்று மாதம் ஓரிடத்தே தங்குக என விதித்தார். இச்செய்தியை விநயபிடகம் கூறுகின்றது. உழுது வாழ்வோரின் முறையீடே துறவியரின் நெறிக்கு வித்தாயிற்று என்பது கருதத்தக்கது.

கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஈழத்துக்கு வந்த மகிந்த தேரர் மிகிந்தலையில் முதல் வஸ் காத்தார். அவருக்கும் உடனிருந்தோர்க்குமாகத் தேவநம்பிய தீசன் 68 குகைகளைச் செப்பனிட்டளித்தான் என்கிறது மகாவமிசம். அது முதல் நாடெங்கும் மலைக்குகைகள் பிக்குகளின் உறைவிடங்களாயின. மழைநீர் உள்ளே வடியாவண்ணம் குகையின் நெற்றியிலே ஒரு விளிம்பு வெட்டி, அதன்கீழ்க் கொடுத்தவர் பெயரைப் பிராமி எழுத்திற் பொறித்தனர். அரசர் மட்டுமன்றி, ஊர்த் தலைவரும் வணிகரும் இல்லறத்தாரும் இப்பெயர்களுள் உளர். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலே விசாகன் என்னும் தமிழ் வணிகனின் குகைக்கொடை பொறிக்கப்பட்டுள்ளது. தியானத்திற்கு இடம் கொடுத்தோருள் தமிழரும் இருந்தனர் என்பதற்கு அக்கல் சான்று.

தியான நெறிக்குப் பெருநூலாகிய விசுத்திமக்கத்தை ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் எழுதிய புத்தகோசர், காஞ்சிபுரத்திலும் வாழ்ந்தவர். அந்நூல் நாற்பது தியானப் பொருள்களை விரித்துரைக்கின்றது. ஆயினும் நெடுங்காலம் அது பெரும்பாலும் துறவியரின் கல்வியாகவே நின்றது. இல்லறத்தார் குகை கொடுத்தனர், சோறு கொடுத்தனர், போயா நாளிற் சீலம் காத்தனர். பன்னாள் தனித்திருந்து தியானம் பயிலும் வாய்ப்பு அவர்க்கு அரிதாயிருந்தது.

இந்நிலை சென்ற நூற்றாண்டில் மாறியது. 1955இல் மகாசி சயாதோவின் மாணவரான பர்மியத் துறவியர் இலங்கைக்கு வந்து பயிற்சியளித்தனர். 1956இல் கம்பகா மாவட்டத்துக் கந்துபொடவில் தியான நிலையம் தோன்றியது. துறவியரோடு இல்லறத்தாரும் அங்குச் சென்று பயின்றனர். பர்மாவிலே கணக்காளர் நாயகமாய்ப் பணியாற்றிய ஊ பா கின், அலுவலுக்கிடையே தியானம் கற்பித்து, 1952இல் இரங்கூனில் ஒரு நிலையம் நிறுவினார். அவர் மாணவர், மண்டலேயிற் பிறந்த இந்திய வம்சாவளி வணிகரான கோயங்கா. அவர் 1969 முதல் இந்தியாவில் பத்து நாள் மௌனப் பயிற்சிகளை நடத்தினார். ஒருவர் அரசாங்க அலுவலர்; மற்றவர் வணிகர். குகைக்குரியதாயிருந்த பயிற்சி தொழில் செய்வோரிடை வந்து சேர்ந்தது இவ்வாறே.

ஆனால், நாட்கூலி பெறுவோர்க்குப் பத்து நாள் விடுமுறை ஏது? இதற்கு விடை சதிபட்டான சூத்திரத்திலேயே உண்டு. நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல், கை நீட்டல், மடக்கல், உண்ணல், பேசல், பேசாதிருத்தல் ஆகிய அனைத்திலும் நினைவு வழுவாதிருக்க வேண்டும் என்பது அதன் போதனை. குகை பழகும் இடம். பழகியதை நடத்திக்காட்டும் இடமோ வாழ்வு.

பால் வெட்டுவோரை நோக்குவோம். ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்ப் பருமனிலே பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் குறையின் பால் குறையும். மிகின் மரம் காயமுற்று, மீண்டும் வளரும் பட்டை முண்டு முண்டாகும். விடியற்காலையில் மரத்துக்கு மரம் இதனையே செய்பவர்க்குக் கவனம் என்பது புதுச்சொல் அன்று. அவர் கையில் உள்ள அக்கவனம் சினம் எழும்போதும், கடன் வாங்கும்போதும், மதுக்கடையைக் கடக்கும்போதும், பிள்ளையை அடிக்க ஓங்கும்போதும் மனத்தில் ஒருகணம் நிற்குமாயின், அதுவே தியானத்தின் பயன். அதற்குச் சமயம் மாற வேண்டியதில்லை. முருகனை வணங்குவோர்க்கும் மாதாவை வணங்குவோர்க்கும் அது பொதுவுடைமை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மன அமைதி கூலிக்கு ஈடாகாது. ஒழுகும் லயக் கூரையின்கீழ் இருப்போர்க்குப் பொறுமையை மட்டும் உபதேசிப்பது அறமாகாது. பயிர் மிதிபடுகின்றது என மக்கள் முறையிட்டபோது, பொறுத்துக்கொள்ளுங்கள் எனப் புத்தர் கூறவில்லை. தம் சங்கத்தின் நடையையே மாற்றினார். விழிப்புடைய மனம் தன் சினத்தைக் காண்பது போலவே பிறர் துயரையும் காணும், கண்டபின் வாளாவிராது. வஸ் நோன்பின் வரலாறு தோட்டத் துரைக்கும் தொழிலாளிக்கும், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.