உயிலும் கணினியும்



"ஐயா, இப்போது கோர்ட்டில் எல்லாம் இ-ஃபைலிங் ஆகிவிட்டதே, அப்பா எழுதிய உயிலை ஸ்கேன் செய்து அனுப்பினால் போதாதா?" என்று நம் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சரித்திரத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

உயிலை நீதிமன்றம் ஆராய்ந்து, "இது உண்மையானது" என்று முத்திரையிட்டுத் தருவதுதான் புரொபேட். இது ஆங்கிலேயர் வழக்கம். 1726-இல் மன்னர் முதலாம் ஜார்ஜ் அளித்த சாசனப்படி சென்னை மேயர் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் கிடைத்தது. அப்போது நம் பழவேற்காடு டச்சுக்காரர் கையில் இருந்தது! 1801-இல் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்கும், 1862-இல் உயர் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் வந்தது.

1870-ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம் சென்னை நகரில் எழுதப்படும் உயில்களையும், அந்நகரிலுள்ள வீடு, மனை பற்றிய உயில்களையும் இந்த முறைக்குள் கொண்டுவந்தது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவும் அதையே தொடர்ந்தது. இதனால் ஒரு வேடிக்கை. பொன்னேரியில் இருந்தபடி பொன்னேரி நிலத்துக்கு ஓர் இந்து எழுதிய உயிலுக்கு புரொபேட் வேண்டியதில்லை. அதே மனிதர் ராயபுரத்தில் ஒரு வீடும் வாங்கியிருந்தால், அந்த வீட்டுக்காகப் பிள்ளைகள் கோர்ட் படி ஏற வேண்டும். இஸ்லாமியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கிறித்தவர்களுக்கு 2002-இல் விலக்கு கிடைத்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213-ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. ஆனாலும் வாரிசுகளுக்குள் தகராறு வந்தால் புரொபேட் கேட்டுப் போகலாம். அந்த வழி மூடப்படவில்லை.

இனி கணினிக்கு வருவோம். இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-இல் தொடங்கியது. 2023-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். இப்போது வழக்கறிஞர் தம் அலுவலகத்தில் இருந்தபடியே மனுவை பி.டி.எஃப். ஆக ஏற்றலாம், கட்டணத்தையும் இணையத்திலேயே கட்டலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க எண் உண்டு. அதைப் போட்டு, வாய்தா என்றைக்கு என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். வாய்தா தேதி கேட்கவே ஒரு நாள் கூலியை விட்டுப் போன குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் தம்பி, ஸ்கேன் என்பது நகல்தான். புரொபேட் மனுவோடு மூல உயிலையே ஒப்படைக்க வேண்டும். உயிலில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். நீதிமன்றத்தில் அதை நிரூபிக்க அவர்களில் ஒருவரேனும் வந்து சாட்சி சொல்ல வேண்டும். 1726-இல் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றும் கேட்கிறார்கள்: "இவர் கையெழுத்துப் போட்டதை நீ பார்த்தாயா?" இதற்குக் கணினி பதில் சொல்லாது.

நம் கரையோர ஊர்களில் புயலும் வெள்ளமும் புதிதல்ல. 2004 சுனாமியையும் பார்த்தோம். டிரங்குப் பெட்டியில் வைத்த காகிதம் நனைந்தால் போயிற்று. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லைதான். ஆனால் பதிவு செய்தால் அதன் வாசகம் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரையோ அவருடைய முகவரையோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். எனவே ரகசியம் வெளியே போகுமே என்ற பயம் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே பக்குவமாகப் பேசுங்கள். சாட்சிகளாக உங்களைவிட வயதில் இளையவர்களை, ஊரிலேயே இருப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். சொத்து சின்னதோ பெரியதோ, அண்ணன் தம்பி உறவு அதைவிடப் பெரியது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், பொன்னேரி.