யாழ்ப்பாணத்தில் இதய சிகிச்சை: வெளிநாட்டுத் தன்னார்வ வைத்தியர்களின் பங்கை எதைக்கொண்டு அளப்பது?

வெளிநாட்டு வைத்தியர் குழுவொன்று ஊருக்கு வந்தால், எத்தனை பேருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது என்பதே செய்தியாகிறது. குழு திரும்பிய மறுவாரம் அதே சிகிச்சையை உள்ளூர் வைத்தியசாலை தானே செய்ததா என்று கேட்பவர் குறைவு. இதய நோயைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே முதன்மையானது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் இருநூறு ஆண்டு வரலாறு அதற்குச் சான்று.

அமெரிக்க மிஷன் வைத்தியரான ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் பணி தொடங்கினார். 1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நிற்கவில்லை. 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய பாடநூல்களும் தமிழில் வெளிவந்தன. நூல் எழுதிய நேரத்தில் இன்னும் பல நோயாளரை அவர் பார்த்திருக்கலாம். ஆனால் 1873 இல் அவர் நாடு திரும்பியபோது, அவரது பள்ளியில் பயின்ற அறுபதுக்கும் மேற்பட்டோர் வைத்தியராகியிருந்தார்கள். ஸ்கடரின் பேத்தி ஐடா வேலூரில் நிறுவிய மருத்துவமனையிலும் இதே வழிதான். அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் 1949 இல் அங்கே நெஞ்சறைச் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடங்கி இந்திய வைத்தியர்களைப் பயிற்றினார். அறுபதுகளின் தொடக்கத்தில் வேலூரில் திறந்த இதய சத்திரசிகிச்சை நடந்தது.

யாழ்ப்பாணத்துக்கு அந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை. பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 இல்தான் தொடங்கியது. சில ஆண்டுகளில் போர் வந்தது. 1987 ஒக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் (இன்றைய போதனா வைத்தியசாலை) புகுந்த இந்திய அமைதிப்படையினர் நோயாளரையும் வைத்தியர், தாதியரையும் சுட்டுக்கொன்றனர். 1990 இல் மூடப்பட்ட வைத்தியசாலை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பில்தான் மீண்டும் திறந்தது. பயின்ற வைத்தியர்கள் பலர் பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று சிதறினார்கள்.

இன்று உதவிக்கு வரும் வைத்தியர்களில் பலர் அவர்களே. இது சாதாரண விடயமல்ல. நோயாளியிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசுகிறார்கள், மீண்டும் வருகிறார்கள்.

மாரடைப்புக்குத் தூரம் பகை. அடைபட்ட இதய இரத்தக்குழாயை ஸ்டென்ட் வைத்துத் திறக்க, நோயாளி வைத்தியசாலையை அடைந்து 90 நிமிடங்களுக்குமேல் தாமதிக்கக்கூடாது என்பது பொது இலக்கு. கொழும்போ ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது அந்த வழியும் அடைபட்டது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இப்போது வடிகுழாய் (கதீற்றர்) ஆய்வுகூடமும் இதய சத்திரசிகிச்சையும் உள்ளன என்பதன் பெறுமதியை இந்தக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் ஆய்வுகூடத்தை இயந்திரம் மட்டும் நடத்தாது. கதீற்றரும் ஸ்டென்ட்டும் இடைவிடாமல் வரவேண்டும். பயின்ற தாதியரும் தொழில்நுட்பவியலாளரும் இரவிலும் இருக்கவேண்டும். பழுதுபார்க்கும் ஒப்பந்தம் காலாவதியாகக்கூடாது. நன்கொடையாளரைக் கவரும் திறப்புவிழாக்கள் இவற்றுக்கு நடப்பதில்லை.

வந்து செய்துவிட்டுப் போகும் முறை எல்லா இடத்திலும் பயனற்றது என்பதல்ல. சிட்னியிலிருந்து ஒரு குழு 1986 இல் தொங்கா தீவுகளுக்குச் சென்று இதய சத்திரசிகிச்சை செய்தது. சின்னஞ்சிறு நாட்டுக்குச் சொந்தமாக ஓர் இதயப் பிரிவு எளிதல்ல. எனினும் வாதக் காய்ச்சலால் பழுதான வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தப்பட்டவர் ஆயுள் முழுதும் வோபரின் குளிசை எடுக்கவேண்டும், இரத்தம் உறையும் அளவை அடிக்கடி பரிசோதிக்கவேண்டும். அதைப் பார்ப்பவர் உள்ளூர் கிளினிக்கின் வைத்தியர்.

வெளிநாட்டு உதவி ஊரில் வேரூன்றியதற்கு, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை அண்மைய எடுத்துக்காட்டு. இந்திய நன்கொடையில் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடக்குக்கும் வந்தது. அதை ஓட்டுபவர்களும் முதலுதவி செய்பவர்களும் இலங்கையர். ஆனாலும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கும் இடையே கடல் இருக்கிறது. நெடுந்தீவில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு உடனே ஈசீஜீ எடுத்து, அதைப் போதனா வைத்தியசாலையின் இதய நிபுணருக்கு அனுப்பி, தேவையானால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தீவிலேயே போட அங்குள்ளவர்களைப் பழக்குவது, வருகை தரும் நிபுணர் ஒருவரின் இரண்டு வாரத்துக்குள் அடங்கும் வேலை.

இன்று காத்திருக்கும் நோயாளி பயிற்சி முடியும்வரை பொறுப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவருக்கு இன்றே சத்திரசிகிச்சை நடக்கட்டும். ஆனால் கத்தி யாழ்ப்பாணத்து வைத்தியர் கையில் இருக்கட்டும், வந்தவர் எதிரே நின்று உதவட்டும். இதய-நுரையீரல் இயந்திரத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். அடுத்த வருகையின்போது அந்தக் குழு முதலில் பார்க்கவேண்டியது, தான் இல்லாத மாதங்களில் நடந்த சிகிச்சைகளின் பதிவேட்டை.