நுரையீரலுக்குப் பரவிய புற்றை உறையவைத்தல்: திண்டுக்கல் அனுபவமும் ஜேடர்பாளையத்து நோயாளியும்

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்றதும் வீட்டார் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். பெருங்குடலிலோ சிறுநீரகத்திலோ தோன்றிய புற்று, நுரையீரலில் இரண்டு மூன்று சிறு கட்டிகளோடு நின்றுவிடும் நோயாளிகளும் உண்டு. அக்கட்டிகளை ஊசி வழியே உறையவைத்து அழிக்கும் ‘கிரையோ’ சிகிச்சை இத்தகையோருக்கே உரியது. ஆனால் அதன் பயன் குளிரூட்டும் கருவியைவிட, கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டறிவதையும் பின்னர் விடாமல் கண்காணிப்பதையுமே பெரிதும் சார்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சி.டி. ஸ்கேன் பார்த்தபடியே விலா எலும்புகளுக்கிடையே மெல்லிய ஊசியைச் செலுத்துகிறார்கள். உயரழுத்த ஆர்கான் வாயு ஊசிமுனையில் விரியும்போது கடுங்குளிர் உண்டாகிறது. செல்களுக்குள் பனிப்படிகம் விளைகிறது. கட்டிக்குப் போகும் நுண்ணிய ரத்தநாளங்கள் அடைபடுகின்றன. நுரையீரலில் ஒரு சிக்கல்: அதில் நிறைந்திருக்கும் காற்று குளிரை எளிதில் கடத்தாது. ஆகவே முதலில் சில நிமிடங்கள் மட்டும் உறையவைத்து உருகவிடுகிறார்கள். அப்போது கசியும் ரத்தமும் நீரும் சுற்றியுள்ள காற்றறைகளை நிரப்ப, அடுத்த சுற்றில் பனிக்கட்டி பெரிதாக வளர்கிறது. நுரையீரலுக்கு மூன்று சுற்று முறை வந்தது இதனால்தான்.

2020இல் வெளியான ‘சோல்ஸ்டிஸ்’ ஆய்வில் 128 பேரின் 224 கட்டிகள் உறையவைக்கப்பட்டன. ஓராண்டு கழித்து 85.1 சதவீதக் கட்டிகளும், இரண்டாண்டு கழித்து 77.2 சதவீதக் கட்டிகளும் மீண்டும் வளராதிருந்தன. சிகிச்சைகளில் 26 சதவீதத்தில் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து, குழாய் போட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. நல்ல எண்கள்தாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத ஒரு குழு அந்த ஆய்வில் இல்லை. பெருங்குடல் புற்று பரவியவர்களிடம் அறுவைசிகிச்சையைச் சோதித்த ‘பல்மிக்’ ஆய்வு (2019) இங்கே எச்சரிக்கையாகிறது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட 65 பேரில், கட்டியை அகற்றியவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 38 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. அகற்றாதவர்களுடையது 29 சதவீதம். சிறிய ஆய்வு, முடிந்த முடிபன்று. ஆயினும், கட்டிகள் குறைவாகவும் மெல்ல வளர்வனவாகவும் உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்தால் எந்தச் சிகிச்சையும் வெற்றியாகத் தோன்றும் என்ற ஐயத்தை அது விட்டுச்செல்கிறது.

புற்றுநோய்த் தடுப்பில் குளிரின் பயன் தமிழ்நாட்டில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது நுரையீரலில் அல்ல, கருப்பைவாயில். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து, புற்றுக்கு முந்தைய மாற்றம் தென்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையும் அளித்தனர். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். கருப்பைவாய்ப் புற்றால் நேரும் இறப்பு, ஒப்பீட்டுக் குழுவைவிட 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது. அங்கே பயன்பட்டது எளிய கருவி. ஊர் ஊராகப் பெண்களை அழைத்து வந்ததும், ஒப்பீட்டுக் குழுவோடு சேர்த்து ஆண்டுக்கணக்கில் கணக்கு வைத்ததும்தான் கடினமான வேலை. நோய் வேறு, கட்டம் வேறு. ஆனால் இந்தப் படிப்பினை நுரையீரலுக்கும் பொருந்தும்.

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்துக்கு வருவோம். அவ்வூர் அமைந்த பரமத்தி வேலூர் வட்டாரம் வெற்றிலைக்குப் பேர்போனது. வெற்றிலையைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அதோடு மெல்லும் புகையிலையும் பாக்கும்தான் வாய்ப்புற்றுக்குக் காரணம். வாய்ப்புற்று தொலைவில் பரவும்போது பெரும்பாலும் போய்ச் சேருமிடம் நுரையீரல். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர் வலி இல்லையென்றால் மறுபரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவார். ஒரு நாள் தோட்ட வேலையும் பஸ் செலவும் அவருக்குச் சிறிதல்ல. இருமல் வந்த பிறகு ஸ்கேன் எடுத்தால், உறையவைக்கும் அளவைக் கட்டி தாண்டியிருக்கக்கூடும். எனவே மாவட்டந்தோறும் ஆர்கான் கருவி வாங்குவது வீண்செலவு. ஊசி வேலை தமிழ்நாட்டில் ஒன்றிரண்டு மையங்களில் நடந்தால் போதும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறித்த தேதியில் மார்பு ஸ்கேன் எடுத்து, வராதவரைக் கிராமச் செவிலியர் வழியே தேடிப்பிடிக்கும் ஏற்பாடு முன்னதாக வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இச்சிகிச்சைக்குப் பணம் தருமானால், ஒவ்வொரு நோயாளியையும் பதிவேட்டில் சேர்ப்பதை நிபந்தனையாக்கலாம். அதே அளவுக் கட்டியோடு, உறையவைக்காமல் மருந்தோடு கண்காணிக்கப்படுவோரும் அப்பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் ‘சோல்ஸ்டிஸ்’ விட்டுவைத்த கேள்வியையே நாமும் செலவழித்து மறுபடி விட்டுவைப்போம்.